பிச்சிக்கு மண்டகப்படி

ஏழுமடையில் ஒருவன் வெள்ளை வேட்டிக்கு வந்துவிட்டான் என்றால் அதன்பிறகு அவன் ஒரு துரும்பைக்கூடத் தொடமாட்டான் என்று அர்த்தம். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டியவரை வாழை, ஊருக்குள் தெரு நீளத்துக்கு வாழைத்தார் மண்டி, தாரை வெட்டினால் பால், பால் பட்டால் கறை, அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் எந்தக் கல்லுக்கும் அசையாது. ஆகவே எவன் துணியில் வாழைக்கறை இருக்கிறதோ அவன் தார் சுமக்கிறவன், எவன் துணியில் இல்லையோ அவன் சுமக்கச் சொல்கிறவன், இதைவிடச் சுலபமாக மனிதரைப் பிரிக்க வேறு வழி வேண்டும் என்று எங்கள் ஊருக்குத் தோன்றியதே இல்லை. சுமக்கிறவர்கள் கைலியும் காக்கியும் உடுத்தினார்கள். சொல்கிறவர்கள் காலையில் மடிப்புக் கலையாமல் மண்டிக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, சாயங்காலம் மடிப்புக் கலையாமல் வீட்டுக்குப் போய், இன்றைக்கு ரொம்ப அலுப்பு என்று பெண்டாட்டியிடம் வெந்நீர் கேட்டார்கள்.

மண்டித் தெருவில் எதிர்வரிசை வீடு டிரில் டீச்சர் சொர்ணத்துடையது. வேலை பார்த்த காலம் முழுக்க, திங்கட்கிழமை தோறும் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கேன்வாஸ் ஷூ வெள்ளையாக இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தவள். வெள்ளை போதாதவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவள். அதனால் ஊரில் பாதி ஆம்பிளைகளுக்கு அவள் குரலைக் கேட்டால் இன்றைக்கும் குதிகால் தானாக ஒட்டிக்கொள்ளும். ஓய்வு பெற்ற பிறகு குனிந்து பார்க்க ஷூ இல்லாமல் போனதால்தான் அவள் வெள்ளை நாய் வாங்கினாள் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

ராஜபாளையத்து நாய் அது. பிச்சிப்பூ நிறத்தில் இருந்ததால் பிச்சி. டீச்சர் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். கண்ணோரம் வடிகிற நீர் பழுப்பாகப் படியாமலிருக்க, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காலையும் மாலையும் ஒற்றியெடுப்பாள். தின்று முடித்ததும் வாயோரம் துடைப்பாள். தெருவுக்குப் போய் வந்தால் விரலிடுக்கு விடாமல் பாதம் கழுவி, ஈரம் நின்றால் நக்கும், நக்கினால் எச்சில் கறை ஏறும் என்று, துண்டால் ஒற்றுவாள். எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சோளமாவைத் தூவிச் சீப்பால் வாருவாள். குளிப்பாட்டு மட்டும் மாதத்துக்கு ஒருதரம்தான். அதற்குமேல் தண்ணீர் பட்டால் தோல் வறண்டு வெடிக்கும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். பிச்சியைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது டீச்சருடைய தாடை கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும். அந்தத் தாடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மண்டிக்காரர்களுக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது ஒரு தெரு அகலம் மட்டும்தான் என்று.

ஒரு புதன்கிழமை மத்தியானம், வாழைத்தார் வியாபாரிகள் சங்கத் தலைவர் பலவேசம் புரோட்டாக் கடையில் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டே சாப்பிட்டதில், சால்னா மடியில் கொட்டியது. கொட்டிய சால்னா வேட்டியில் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு எழுந்து போய்விட்டது. எதிர்வரிசை வாசல்படியில் படுத்திருந்த பிச்சியின் விலாவில், அதே அகலத்தில், அதே மஞ்சள் விளிம்போடு, ஒரு கறிவேப்பிலை உட்பட வந்து உட்கார்ந்துகொண்டது.

பலவேசம் வேட்டியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கடைக்காரரிடம், "இன்னும் ஒரு கரண்டி ஊத்தும்வே" என்றார். வாங்கித் தன் சட்டைப்பையின் மேலேயே ஊற்றிக்கொண்டார். அதுவும் போய்விட்டது.

"ஏல பலவேசம்!" என்று தெருவைத் தாண்டிக் குரல் வந்தது. "நீ தின்ன சால்னா எங்க பிச்சி மேல எப்படில வந்துச்சு?"

பலவேசம் எழுந்து குதிகாலை ஒட்டி நின்றார். "தெரியலை டீச்சர். ஆனா வந்தது நல்லதுக்குத்தான்."

இப்படி ஒன்று வேறு ஊரில் நடந்திருந்தால் ஒரு சூடமாவது கொளுத்தியிருப்பார்கள், ஒருத்தனாவது பயந்திருப்பான். எங்கள் ஊரில் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. ஊருக்குள் வெள்ளை உடுத்திய எவன் மேல் எது பட்டாலும் அது பிச்சியிடம் போய்ச் சேரும் என்று தெரிந்ததும், ஏதோ தங்களுக்கு வெகுகாலமாக வரவேண்டியிருந்தது இப்போதுதான் வந்து சேர்ந்தது என்பதுபோல எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்ட கையை வேட்டியிலேயே துடைத்தார்கள். வெற்றிலை எச்சிலைத் துப்ப எழுந்திருப்பானேன் என்று சட்டையிலேயே வடியவிட்டார்கள். மாம்பழம் தின்றால் முழங்கை வரை, முழங்கையிலிருந்து விலா வரை வழியத் தின்றார்கள். பெரிய மனிதர்கள் எல்லாரும் பால்குடி மறக்காத பிள்ளைகளைப்போல ஒழுகிக்கொண்டு, ஆனால் பளிச்சென்று, தெருவில் நடந்தார்கள். சலவைக்கடை வைத்திருந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

சித்திரை மாதக் கோயில் கொடையன்று நடந்த பந்தியில்தான் இதற்கும் ஓர் எல்லை உண்டு என்று தெரிந்தது. முதல் பந்தியிலேயே பிச்சியின் முதுகு சாம்பார் ஆனது, இரண்டாம் பந்தியில் வயிறும் வாலும் ரசமும் ஊறுகாயும் ஆயின, மூன்றாம் பந்தியில் ஒரு பொட்டு வெள்ளைகூட மிச்சமில்லை. அந்தப் பந்தியில் பாயசம் வந்தபோது ஒவ்வொருவர் வேட்டியிலும் விழுந்த பாயசம் அவரவர் வேட்டியிலேயே இருந்தது. ஐயோ என்று ஓர் அலறல் கேட்டது. வீட்டில் இழவு விழுந்தபோதுகூட நான் அவர்கள் அப்படி அலறிக் கேட்டதில்லை. நாயில் வெள்ளை இருக்கிறவரைதான் நமக்கு வெள்ளை என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் எச்சில் கையோடு எழுந்து டீச்சர் வீட்டுக்கு ஓடினார்கள்.

"நாயைக் குளிப்பாட்டுங்க டீச்சர்."

"மாசத்துக்கு ஒரு தடவதான் தண்ணி ஊத்தணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டருக்கு என்ன தெரியும், அவரு பேண்டு போடுதவரு" என்றார் பலவேசம்.

குளிப்பாட்டுவது என்று முடிவானதும் யார் குளிப்பாட்டுவது என்ற கேள்வி வந்தது. உழைப்பென்றால் எங்கள் மண்டிக்காரர்களில் ஓர் ஆள் கிடைக்காது. ஆனால் இது மரியாதை. மரியாதை என்றால் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பம் எடுத்து நடத்துகிற மண்டகப்படி உண்டல்லவா, அதேபோல நாய்க்கும் மண்டகப்படி வைத்தார்கள். திங்கட்கிழமை பலவேசம் மண்டி, செவ்வாய்க்கிழமை அவர் மச்சினன் மண்டி என்று நாள் பிரித்தார்கள். முந்தினநாள் ஒருவன் வெளுத்த நாயை மறுநாள் அப்படியே ஏற்றுக்கொள்வது தன் மண்டிக்கு இழுக்கு என்பதால், நாய் சுத்தமாக இருந்தாலும் அவரவர் நாளில் அவரவர் முறைப்படி முதலிலிருந்து குளிப்பாட்டினார்கள். ஒருவர் சீயக்காய். ஒருவர் துணிசோப்பு. ஒருவர் சாக்கடைக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர். பலவேசத்தின் மச்சினன், வேட்டிக்குப் போடாத ஒன்றை நாய்க்குப் போட்டதாகப் பேச்சு வரக்கூடாது என்று, சொட்டு நீலத்தைக் கலக்கி ஊற்றியதில் பிச்சி சில நாள் நீலமாகத் திரிந்தது. நீலம் வெள்ளையில் சேர்த்தியா கறையில் சேர்த்தியா என்று சங்கத்தில் நாற்காலி உடைந்தது. அடுத்தவர் கஞ்சி போட்டார். கஞ்சி காய்ந்து, ரோமமெல்லாம் விறைத்து, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அது ஒரு பகல் முழுக்க நின்றுகொண்டே இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் என்ன கம்பீரம் என்றார்கள்.

டீச்சர் ஏன் விட்டாள் என்று கேட்கலாம். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், அதனால் விட்டாள். தினமும் குளிப்பாட்டு முடிந்ததும் டீச்சர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அன்றைய மண்டகப்படி சேர்த்தி என்று பலவேசம் ஏற்பாடு பண்ணியிருந்தார். ஊர் முழுக்கக் கைகட்டி நிற்க, அவள் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நேர் நில்" என்பாள். பிச்சி நாலு காலையும் நேராக வைத்து நிற்கும். "காது" என்பாள். பிச்சி தலையைச் சாய்த்துக் காதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டும். அவள் குனிந்து ரோமத்தை நுனி நுனியாகப் பார்ப்பாள். "வாலடியில மஞ்சளா இருக்கு. மறுபடி" என்பாள். சங்கத் தலைவரே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அந்த 'மறுபடி'யைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மறுபடியும் நாயின் தோலில்தான் விழுந்தது, அது அவளுக்குத் தெரியாமலில்லை.

இதற்கிடையில் நடக்க வேண்டியது நடந்தது. வாழைக்கறையும் கறைதானே, அதுவும்தானே நாயிடம் போகிறது என்று யோசித்த முதல் சுமைகாரன் சப்பாணிமுத்து. அவன் ஒரு காலை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு மண்டிக்கு வந்தான். மறுநாள் எல்லாச் சுமைகாரர்களும் அப்படி வந்தார்கள். வெளியூர் லாரிக்காரர் ஒருவர் இறங்கி, நேரே சப்பாணிமுத்துவிடம் போய், "முதலாளி, வணக்கம். சரக்கு எப்படி?" என்று கைகூப்பிவிட்டு, பக்கத்தில் நின்ற பலவேசத்தைப் பார்த்து, "என்னப்பா நிக்கே? தாரை ஏத்து" என்றார். பலவேசம் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சுமைகாரர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்லவரவில்லை. வெள்ளை வேட்டி கட்டியவன் துரும்பைத் தொடமாட்டான் என்றேனே, அது யார் கட்டினாலும் அப்படித்தான். கொஞ்ச நாளிலேயே, அதுவரை சுமந்த தாரின் கறை பிச்சியின் அடிவயிற்றில் எந்தச் சோப்புக்கும் போகாத ஒரு சின்னத் திட்டாக நிற்கும்போதே, அவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒரு தாரைச் சுற்றி அத்தனை பேரும் வெள்ளையில் நின்று, ஏத்துங்கய்யா, ஏத்துங்கய்யா என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தார் பழுத்தது, கறுத்தது, ஈ மொய்த்தது, மண்டித்தெரு முழுக்கப் புளித்த நாற்றம் எடுத்தது, அந்த நாற்றத்தின் நடுவில் ஒருவர் சட்டையிலும் ஒரு பொட்டுக் கறை இல்லை.

அப்புறம் சப்பாணிமுத்து சங்கத்துக்கே வந்து நின்றான். "எங்க கறையும் அது மேலதான இருக்கு. எங்களுக்கும் ஒருநா மண்டகப்படி வேணும்."

"தார் சொமக்கவன் கையால நாயக் குளிப்பாட்டுனா அப்புறம் எங்க வேட்டிக்கு என்னவே மரியாத?" என்றார் பலவேசம்.

நாலு நாள் கத்தினார்கள். கடைசியில் பெரிய மனதுபண்ணி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: காலையில் மண்டிக்காரர்கள் குளிப்பாட்டுவது, மத்தியானம் சுமைகாரர்கள் குளிப்பாட்டுவது. இரண்டு பக்கமும் ஜெயித்துவிட்டதாகச் சொல்லி இரண்டு பக்கமும் வெடி போட்டார்கள். நாய் வெடிச் சத்தத்துக்குப் பயந்து டீச்சர் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. சுத்தமான நாயாயிற்றே, தூசி படும் என்று டீச்சர் அதை வெளியே இழுத்துவிட்டாள்.

சுமைகாரர்களின் முதல் மண்டகப்படியன்று சப்பாணிமுத்து தேங்காய்நாரை வைத்துத் தேய்த்தான். டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். நேர் நில் என்றாள், நின்றது. காது என்றாள், காட்டியது.

"காதுக்குப் பின்னால செவப்பா இருக்கு பாரு. எவனோ வெத்தல துப்பியிருக்கான். மறுபடி."

சப்பாணிமுத்து தேய்த்தான். "போகல டீச்சர்."

"போகும். அழுத்தித் தேயில."

"போகலையே டீச்சர். கூடத்தான் செய்யுது."

"ஒரு வேலையும் ஒழுங்காத் தெரியாது. கொண்டா இங்க" என்று நாரைப் பிடுங்கித் தானே தேய்த்தாள். பிச்சி முனகவில்லை. நேராக நிற்கச் சொன்னதால் நேராக நின்றது, கால் மட்டும் நடுங்கியது. டீச்சர் தேய்த்துத் தேய்த்து, கை வழுக்கியது என்று நாரை எடுத்துப் பார்த்தபோது விரலெல்லாம் சிவப்பாக இருந்தது. அது வெற்றிலை இல்லை. தோல் கழன்று வந்திருந்தது. அவள் ரோமத்தைப் பிரித்தாள். கழுத்தில், விலாவில், தொடையிடுக்கில், பார்த்த இடமெல்லாம் அப்படித்தான் இருந்தது. இத்தனை நாளும் குனிந்து பார்த்தவள் ரோமத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

அவள் நடுத்தெருவில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். அதற்காக நான் அவள்மேல் இரக்கப்படப்போவதில்லை. ஆனால் எங்கள் ஊரில் அந்த நாய்க்காக அழுதது அவள் ஒருத்திதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் கால்நடை டாக்டர் வந்து பார்த்து, இனி ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் தோல் அழுகிவிடும், நாய் தங்காது என்று களிம்பு கொடுத்தார். சங்கம் கூடியது. தண்ணீர் படாமல் வெளுக்க வழி உண்டா என்று டாக்டரிடம் கேட்டார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார்.

"இனி குளிப்பாட்டு கெடையாது" என்றாள் டீச்சர்.

"வார மாசம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் டீச்சர்" என்றார் பலவேசம், ரொம்பப் பணிவாக. "ஊரே சாப்பிட வருது. அது முடியட்டும், அப்புறம் நாய் என்னவும் ஆகட்டும்."

"செத்துருமேல!"

"சாவாது டீச்சர். ஒங்களுக்கு வயசாயிட்டு, அதான் பயம். நாளைக்குக் காலையில நாயை மண்டிக்கே கொண்டு போயிருதோம். நாங்க பாத்துக்கிடுதோம்."

அவள் சப்பாணிமுத்துவைப் பார்த்தாள். சப்பாணிமுத்து தன் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் கை தட்டினார்கள். மண்டிக்காரனும் சுமைகாரனும் சேர்ந்து கை தட்டியது ஏழுமடை சரித்திரத்தில் அதுதான் முதல்தடவை.

அன்று மத்தியானம், ஊர் முழுக்க உண்ட மயக்கத்தில் வெள்ளையாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, டீச்சர் தன்னுடைய வெள்ளைப் புடவையில் நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு, பிச்சியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைத்தோட்டத்துக்குப் போனாள். பிச்சியை நிழலில் உலர்ந்த சருகில் படுக்கவைத்தாள். அதை அவள் தொடவில்லை. ஒரு வாழையை வெட்டினாள், வெட்டுவாயில் பால் கொப்பளித்தது, அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். வாழைப்பால் பட்டவுடன் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், காய்ந்தபிறகுதான் அது யாரென்று தெரியும். அவள் புடவையில் ஊறிய பால் எழுந்து போய்ப் பிச்சியின் மேல் இறங்கியது, ஒரு கை தேய்க்காமல், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல். அடுத்த வாழையை வெட்டி அடுத்ததைக் கட்டிக்கொண்டாள். முதுகு பழுப்பானது, விலா பழுப்பானது, வாழைக்கறையின் அந்தக் கருஞ்சிவப்பு கழுத்தைச் சுற்றி ஏறியது, முகம் மூடியது, பிச்சி மோவாயைச் சருகில் வைத்துக்கொண்டு, இத்தனை நாளில் முதல்முறையாகத் தன்னை யாரும் ஒன்றும் செய்யாத அந்த மத்தியானத்தில், தூங்கிப்போனது. கடைசியாக வாலின் நுனி. அதன்பிறகு கட்டிக்கொண்ட வாழையின் பால் டீச்சருடைய புடவையிலேயே நின்றுவிட்டது. அவள் ஆயுசில் அவள் துணியில் தங்கிய முதல் கறை அது.

மறுநாள் காலையில் வாளி, நார், பவுடர், மேளம் சகிதம் ஊர் வந்தது. வாசலில் டீச்சர் கறைப் புடவையோடு நின்றாள், பக்கத்தில் காய்ந்த வாழைமட்டை நிறத்தில் ஒரு நாய்.

"என்ன டீச்சர் இது!" என்றார் பலவேசம்.

"வாழக்கற" என்றாள் டீச்சர். "எந்தச் சோப்புக்குல போகும்? சொல்லு."

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவன் எங்கள் ஊரில் ஒருவனும் இல்லை. மேளக்காரர் வெற்றிலை போட்டிருந்தார். அவர் வாயைத் திறந்தபோது வெள்ளைச் சட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது, அங்கேயே இருந்தது. அதைப் பார்த்துக் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

அதன்பிறகு ஊர் தன் யோக்கியதைக்குத் திரும்ப ஒரு வாரம்கூட ஆகவில்லை. சுமைகாரர்களை யாரும் மிரட்டவில்லை, யாரும் சட்டம் போடவில்லை. சப்பாணிமுத்து தானாகவே கைலியை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து தாருக்குக் குனிந்தான், பலவேசம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், இரண்டு பேருக்கும் அப்பாடா என்று இருந்தது. பலவேசம் மகள் கல்யாணத்தில் பெரிய மனிதர்கள் எல்லாரும் சாப்பிடப் பழகாத பிள்ளைகளைப்போல மடி நிறையத் துண்டு விரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சங்கம் வெள்ளைக் குட்டிகள் சிலவற்றை வாங்கிவந்து, எதிரில் நின்று சட்டையில் சால்னாவை ஊற்றிக்கொண்டு பார்த்தது. குட்டிகள் வந்து நக்கிவிட்டுப் போயின. கெட்டுப்போனதற்கெல்லாம் டீச்சர்தான் காரணம் என்று தீர்மானம் போட்டார்கள்.

பிச்சியின் புண் ஆறியது. பழைய ரோமம் உதிர்ந்து புது ரோமம் வேரில் வெள்ளையாக எட்டிப்பார்த்தது. அதை முதலில் கண்டுபிடித்தது டீச்சர் இல்லை. சுற்றுச்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. "டீச்சர், சௌக்கியமா?" என்றார் பலவேசம். "பின்னங்கால்ல வெள்ள தெரியுதே." அவர் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள், எல்லாம் சிரித்துக்கொண்டு.

டீச்சர் அரிவாளை எடுத்தாள். தலைகள் இறங்கின. அவள் இன்னொரு வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள், திரும்பி வந்தபோது பின்னங்கால் பழுப்பாகிவிட்டிருந்தது. இனி அவள் உயிரோடு இருக்கிறவரை மாதாமாதம் அவளுக்கு அந்த வேலைதான்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது பிச்சி எழுந்து வந்தது. யாரும் கூப்பிடவில்லை. முன்பு சோதனை நடக்கிற அதே நேரத்துக்கு, அதே இடத்தில், நாலு காலையும் நேராக வைத்து நின்று, தலையைச் சாய்த்துக் காதைத் திருப்பிக் காட்டியது.

"வேண்டாம்மா" என்றாள் டீச்சர். "இனி யாரும் பாக்க மாட்டாவ. போய்ப் படு."

பிச்சி நின்றது. அவள் எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில், "கலைந்து செல்" என்றாள். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் சொன்ன வார்த்தை அது. பிச்சிக்கு ஒருநாளும் சொன்னதில்லை, அதனால் அதற்கு அது என்னவென்று தெரியவில்லை.

"கலைந்து செல்" என்றாள் மறுபடியும்.

பிச்சி காதை இன்னும் கொஞ்சம் திருப்பிக் காட்டியது.